ஏழு தடவை கழுவிய கை

வெள்ளவத்தையில் கால்வாயை ஒட்டிய ஒழுங்கையில் இருந்த முஸ்லிம் வீடுகளில், ஒரு காலத்தில் ஸாலிஹ் ஒஸ்தாவின் கை படாத தலையே கிடையாது. ஒஸ்தா என்றால் நாவிதர். மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பதும் அவர்தான், மௌத்துக் கிடையில் படுத்துவிட்ட கிழவருக்குக் கடைசியாகத் தாடி ஒதுக்குவதும் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த பிள்ளைக்கு நாற்பதாம் நாள் முடி களைய அவரை விட்டால் வேறு ஆள் தேட மாட்டார்கள். பச்சைப் பிள்ளையின் உச்சியில் எலும்பு மூடாத இடம் ஒன்று இருக்கும், தோலுக்குக் கீழே துடித்துக்கொண்டு. கத்தி அந்த இடத்துக்குப் போகும்போது வீட்டுப் பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஸாலிஹ் மட்டும் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட கை அது.

அந்தக் கையால் அவர் ஒரு நாய்க்கு முடி சீவப் போனார் என்றால் யார்தான் நம்புவார்கள்? நம்பாமலே இருந்திருந்தால் அவருக்கு நல்லதாகப் போயிருக்கும்.

நாய் கீகல் நோனாவுடையது. நோனா பறங்கிப் பெண்மணி. ரயில்வேயில் வேலை பார்த்த புருஷன் எப்போதோ காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு நாய் இருக்கும். நாற்பது வருஷம் மருத்துவிச்சி வேலை பார்த்தவர். அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் அவர் கையில் வந்து விழுந்தவர்கள்தான். ஆண் டாக்டரை உள்ளே விடாத வீடுகளுக்குக் கூடக் கறுப்புத் தோல்பையோடு நோனா போவார். ஸாலிஹின் மனைவி ருக்கியா மூன்று நாள் வலியெடுத்துக் கிடந்தபோது, "இனி துஆதான் கேட்க வேணும்" என்று எல்லாரும் கை விரித்த பிறகு, நோனா வந்து ஓர் இரவும் ஒரு பகலும் பக்கத்தை விட்டு எழும்பவில்லை. பிள்ளை தங்கவில்லை. ருக்கியா தங்கினாள். பிறகு அவர்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டில் நோனாவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. அதே வருஷம்தான் அந்த நாயும் வந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகையில், அங்கே நாயை ஆறு மாதம் தனியே அடைத்து வைப்பார்கள் என்று பயந்து, துரைசாணி அதை நோனாவிடம் விட்டுவிட்டுப் போனாள். நாயோடு அதைப் பார்த்துக்கொண்ட வெள்ளையம்மாவும் மலையிலிருந்து இறங்கி வந்தாள். நாயின் பெயர் பட்டன். சீனத்து ஜாதி. ஒரு பலாப்பழ அளவுக்கு மேல் உடம்பு கிடையாது. தட்டையான முகம், வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் பெரிய கண்கள், தரையைக் கூட்டுகிற முடி. கூப்பிட்டால் வராது. கூப்பிட்டது கேட்டது என்று காட்ட ஒரு காதை மட்டும் அசைக்கும். அவ்வளவு திமிர்.

வெள்ளையம்மா பாவம், மலையில் செய்த மாதிரியே கொழும்பிலும் செய்தாள். குளிப்பாட்டிய கையோடு ஃப்ளனல் துணியில் சுற்றிப் படுக்க வைத்தாள். ஹட்டன் குளிருக்கு அது சரி. வெள்ளவத்தைப் புழுக்கத்தில் முடி உள்ளுக்குள் காயாமல் திரண்டு, முடிச்சு முடிச்சாகி, முடிச்சுக்குக் கீழே தோல் புண்ணாகிவிட்டது. நோனாவுக்குக் கண் தெரியாது. கை வைத்துத் தடவியபோதுதான் தெரிந்தது. கத்தரிக்கோல் வைக்க வெள்ளையம்மாவுக்குப் பயம்.

ஸாலிஹுக்கு இரண்டு தடவை ஆள் விட்டார்கள். இரண்டு தடவையும் அவர் முடியாது என்றார். மூன்றாம் தடவை நோனாவே வெள்ளையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காலி வீதியில் இருந்த அவருடைய ஒற்றை நாற்காலிக் கடைக்கு முன்னால் வந்து வெயிலில் நின்றார்.

"ஸாலிஹ், உங்கட மார்க்கம் எனக்குத் தெரியும். நான் கேக்கக் கூடாது. ஆனா அது ராவெல்லாம் அழுகுது. எனக்குக் கண் இருந்தா உங்களத் தேடி வர மாட்டன்."

நோனா வேறு எதையும் சொல்லவில்லை. ருக்கியாவின் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒருவேளை ஸாலிஹ் கோபப்பட்டிருப்பார். எடுக்காததால்தான் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அவர் பள்ளிவாசல் லெப்பையிடம் போய்ப் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். லெப்பை சொன்னார்: "காஞ்ச நாய காஞ்ச கையால தொட்டா ஒண்டுமில்ல. ஈரம் பட்டா மட்டும் ஏழு தரம் கழுவ வேணும். அதுல ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால." சரி, காய்ந்த நாயைத் தொட்டுவிட்டு வந்தால் போயிற்று என்று ஸாலிஹ் மனதைத் தேற்றிக்கொண்டு போனார். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஜாதி நாய் காய்ந்தே இருக்காது! கண்ணில் எந்நேரமும் நீர். மூக்குக்கு மேலே இருக்கிற மடிப்பில் எந்நேரமும் ஈரம். அந்த மடிப்பைத் தினமும் துடைக்காவிட்டால் அழுகி நாறும். போதாததற்கு நாக்கு வேறு.

ஆகவே சனிக்கிழமைக் காலைகளுக்கென்று ஒரு நடைமுறை வந்தது. நோனா வீட்டிலேயே மாற்றி உடுக்க ஒரு பழைய சாரம், ஒரு சீப்பு, ஒரு கத்தரிக்கோல். அவை அவருடைய பெட்டிக்குள் ஒருநாளும் போனதில்லை. வேலை முடிந்ததும் கிணற்றடியில் வெள்ளையம்மா தண்ணீர் ஊற்ற, ஒரு பிடி மண்ணெடுத்து முழங்கை வரை தேய்த்து, ஏழு தடவை எண்ணிக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவார். காதும் காதும் வைத்தாற்போல் இரண்டு வருஷம் நடந்தது. ருக்கியாவுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வருஷத்தில் அந்த நாயைப் பற்றி அவர் கற்றுக்கொண்டதில் ஒரு மருத்துவ வாகடமே எழுதலாம். முடிச்சை மேலிருந்து இழுக்கக் கூடாது, நுனியிலிருந்து விரலால் பிரித்துப் பிரித்து மேலே போக வேண்டும். காதுக்குப் பின்னாலும் பின்தொடையிலும்தான் முதலில் சிக்கு விழும். அடிக்கடி குளிப்பாட்டுவதை விட ஆரோரூட் மாவைத் தூவிச் சீவினால் போதும். முதுகு நீளம், கால் குட்டை, ஆகவே தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்துக்குக் கீழே. மதிய வெயிலில் நடக்க விட்டால் அந்தச் சப்பை மூக்கால் மூச்சு எடுக்க முடியாமல் செத்தே போகும். சீமெந்துத் தரையில் ஈரச் சாக்கைப் போட்டால் அதன்மேல் குப்புறப் படுத்து ஊரே கேட்கக் குறட்டை விடும்.

பிறகு அந்தக் கண். "கழுத்துத் தோலப் புடிச்சுத் தூக்கவே வேணாம், ஸாலிஹ்" என்று நோனா திரும்பத் திரும்பச் சொல்வார். "கண் குழி ஆழமில்ல. இழுத்தா வெளிய வந்துடும். அப்பிடி வந்தா காய விடாம, உப்புத் தண்ணித் துணி வச்சு, கண்ணத் தள்ளாம இமைய முன்னுக்கு இழுங்க. அதுவா உள்ள போகும்." ஸாலிஹ் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்குப் பட்டனைப் பிடிக்கவில்லை என்றுதான் ருக்கியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சனிக்கிழமைகளில் அந்த நாய், கூப்பிட்டாலும் வராத அந்த நாய், வாசல் கேற்றடியில் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

முப்பத்தொன்பதாம் ஆண்டு அலவி ஹாஜியாரின் முதல் பேரனுக்கு நாற்பதாம் நாள் வந்தது. ஹாஜியார் ஒழுங்கையில் பெரிய மனிதர், புறக்கோட்டையில் இரும்புக் கடை. அவர் வீட்டில் யார் கத்தி பிடிக்கிறாரோ அவரைத்தான் மற்ற வீடுகளும் கூப்பிடும். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஸாலிஹ் சலவைச் சாரமும் தொப்பியும் போட்டு, பெட்டியோடு எட்டரைக்கே புறப்பட்டுவிட்டார்.

பாதி வழியில் வெள்ளையம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா! ஓடியாங்க நானா! தெரு நாயி கேட்டுக்குள்ள பூந்து பட்டனக் கழுத்தப் புடிச்சு ஒதறிருச்சுங்க! கண்ணு வெளிய வந்துருச்சு!"

"நான் முடி களையப் போற, வெள்ளையம்மா. இண்டைக்கு ஏலா."

"நோனாவுக்குக் கண்ணு தெரியாதுங்களே! நான் தொட்டா என் கையி நடுங்குதுங்க. மாட்டு டாக்டர் டவுன்ல இருந்து வர்றதுக்குள்ள காஞ்சு போயிருமுங்க!"

ஸாலிஹ் ஹாஜியார் வீடு இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் ஓடினார்.

நோனா நிலத்தில் உட்கார்ந்து நாயை மடியில் வைத்திருந்தார். வலது கண் கன்னத்தின்மேல் கிடந்தது. அத்தனை திமிர் பிடித்த நாய் ஒரு சத்தமும் போடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. "கண் இருக்குதா, ஸாலிஹ்?" என்று மட்டும் நோனா கேட்டார். "இரிக்கி நோனா" என்றார் ஸாலிஹ். பெட்டியைத் தூரத் தள்ளி வைத்தார். சலவைச் சாரத்தை மாற்ற நேரமில்லை, பழையதை அதன்மேல் சுற்றிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினார். வெள்ளையம்மா உடம்பைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சி ஆற்றிய உப்புத் தண்ணீரில் நோனாவின் கைலேஞ்சியை நனைத்துக் கண்ணின்மேல் வைத்து, இரண்டு விரலால் மேல் இமையையும் கீழ் இமையையும் மெல்ல முன்னுக்கு இழுத்தார். கை அசையவில்லை. சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் இழுத்தபோது கண் உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தக் கண்ணால் பட்டன் பிறகு பார்த்ததில்லை. ஆனால் உயிர் தப்பியது.

கிணற்றடியில் அவசரமாக ஏழு தடவை கழுவிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஹாஜியார் வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போதுதான் முழங்கைக்கு மேலே ஏதோ காய்ந்து இழுப்பது தெரிந்தது. பார்த்தால், நாயின் வாய்நீர், இரத்தத்தோடு.

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டைக் கையை இழுத்து விட்டிருந்தால் முடிந்தது. இல்லாவிட்டால் தெருப் பைப்பில் ஒரு தரம் நனைத்துத் துடைத்திருக்கலாம். ஆனால் ஸாலிஹுக்கு அது தோன்றவே இல்லை. பச்சைப் பிள்ளையைத் தொடப் போகிற கை! பைப்படியில் குந்தி உட்கார்ந்தார், தெரு மண்ணை ஒரு பிடி அள்ளினார், உதடு அசைய எண்ணி எண்ணிக் கழுவத் தொடங்கினார். சிங்களவர் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள், ஒரு தமிழ் மாஸ்டரும் போனார். அவர்களுக்கு அவர் கை கழுவுகிற யாரோ ஒருவர். ஒஸ்தாவைத் தேடி வந்த பௌஸிக்கு அப்படி இல்லை. பௌஸி ஹாஜியாரின் மருமகன், தங்கை மகன். மண்ணெடுத்து ஏழு தரம் கழுவுகிற முஸ்லிம் எதைத் தொட்டிருக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"எனத்த ஒஸ்தா, நாயா? ரோட்டு நாய் ஒரசிட்டா?"

ஸாலிஹ் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த தரத்துக்குத் தண்ணீர் பிடித்தார். பௌஸி சிரித்துக்கொண்டே, "சரி சரி, கழுவிட்டு வாங்க, எல்லாரும் பாத்துட்டு ஈக்காங்க" என்றார்.

வீட்டில் வெள்ளை விரித்திருந்தார்கள். லெப்பை வந்து உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் பெண்கள். "ஒஸ்தாவ ரோட்டு நாய் ஒண்டு ஒரசிட்டாம், அதான் சுணக்கம்" என்று பௌஸி சபையில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார். பிள்ளையைக் கொண்டுவந்து ஹாஜியாரின் மடியில் வைத்தார்கள். ஸாலிஹ் கத்தியைத் திறந்து, தண்ணீர் தடவிய அந்தச் சின்னத் தலையை இடது கையால் ஏந்தினார். உச்சியில் அது துடித்தது.

ஸாலிஹ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

அவர் கத்தியை மடக்கினார்.

"ஹாஜியார், ரோட்டு நாய் இல்ல. கீகல் நோனாட நாய். இண்டைக்கு அதுட கண்ணு வெளிய வந்துட்ட. நான்தான் உள்ளுக்கு வச்ச. இண்டைக்கு மட்டுமில்ல, ரெண்டு வருஷமா சனிக்கிழமைல நான் அதுக்கு முடி சீவுற. ஒவ்வொரு தரமும் ஏழு தரம் கழுவின. கையக் கழுவ வழி ஈக்கிது. பொய்ய வாயில வச்சுட்டு இந்தப் பிள்ளைட தலையில கத்தி வைக்க எனக்கு ஏலா."

லெப்பைதான் முதலில் வாய் திறந்தார். "கழுவினா சுத்தம்தான். சட்டம் அப்பிடித்தான்" என்றார். சொல்லிவிட்டு, யாராவது தன் பக்கம் பேசுவார்களா என்று சுற்றிப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜியாரின் மனைவியின் குரல் வந்தது: "சட்டத்த நீங்க வச்சுக்கங்க லெப்பை. நாய்க்கு முடி வெட்டின கை என்ட பேரப்பிள்ளைட தலையில படப்படாது."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து வேறு ஒஸ்தாவைக் கூட்டிவர வண்டி போயிற்று.

ருக்கியா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "தெரிஞ்சு தெரிஞ்சு ஏன் செல்லப் போன? பௌஸியே வாயில ஊட்டி உட்டானே, ஓம் எண்டு முழுங்கிருந்தா என்ன?" அழுது முடித்த பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேரே ஹாஜியார் வீட்டுக் குசினிக்குப் போனாள். "நோனாட வீட்டுல நாய் இல்லாத நாள் எண்டு ஒண்டு ஈந்ததா, செல்லுங்க! அந்தக் கையிலதானே உங்கட நாலு பிள்ளைகளும் வந்து விழுந்த? அப்ப யாராச்சும் அந்த மனிசிக்கிட்ட ஏழு தரம் கழுவினயா எண்டு கேட்டீங்களா?" என்று நின்று கேட்டாள். பெண்கள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். திரும்பிக்கொண்டவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வீடாக ஒஸ்தாவைக் கூப்பிடுவதை விட்டது. 'நாய் ஒஸ்தா' என்று பேர் வைத்தார்கள். என்ன ஊர் இது, சட்டமே சுத்தம் என்று சொன்ன மனிதரை அசுத்தம் என்று சொல்லித் தள்ளி வைத்தது!

ஸாலிஹ் கடையில் கூலிக்காரர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் முடி வெட்டிக்கொண்டு இருந்தார். சனிக்கிழமை நோனா வீட்டுக்குப் போவதை விடவில்லை. இப்போது பகிரங்கமாகவே போனார். ஆனால் நாற்பதாம் நாள் வீடு ஒன்றிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தால் அவர் அந்த வாசலைத் தாண்டாமல் வேறு வழியால் சுற்றிப் போவார். வீட்டில் ஒரு கத்தியை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தார், பிள்ளைத் தலைக்கு உரியது. அதை வாரத்துக்கு ஒரு தரம் தீட்டி, துணியில் சுற்றித் திரும்ப வைப்பார். ருக்கியா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள்.

நாற்பத்தொன்றாம் ஆண்டு நோனா படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஸாலிஹின் கையைத் தேடிப் பிடித்து, "பட்டன என்ன செய்ய?" என்று கேட்டார்.

"என்ட வீட்டுக்குள்ள கொண்டு போக ஏலா நோனா. அது உங்களுக்குத் தெரியும். வெள்ளையம்மா வச்சுக்கொள்ளட்டும். சனிக்கிழமை நான் எங்க எண்டாலும் வாற."

நோனா போன பிறகு வெள்ளையம்மா நாயோடு தெமட்டகொடையில் ரயில்வே வேலைக்காரர்களின் லய வீட்டில் இருந்த தங்கை இராமலெட்சுமியிடம் போய்ச் சேர்ந்தாள். வெள்ளவத்தை எங்கே, தெமட்டகொடை எங்கே! ஸாலிஹ் போனார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய அந்த வாரத்துச் சனிக்கிழமையும் போனார். லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. "இது வெயில்ல நடக்காதுங்களே நானா, தூக்கிட்டு எம்புட்டுத் தூரம் ஓடுறது?" என்று வெள்ளையம்மா வாசலில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒற்றைக் கண் நாய் அதன்மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் சித்திரை வெக்கையில் பட்டன் செத்தது. வயதும்தான். அன்று சனிக்கிழமை. ஸாலிஹ் போனபோது உடம்பு இன்னும் இளகியே இருந்தது. அவர் சீப்பை எடுத்து, காதுக்குப் பின்னால், தொடையில், வால் நுனியில், எல்லாம் வழக்கம்போல் சீவினார். மூக்கு மடிப்பைத் துடைத்தார். தண்டவாள வேலிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்துக்குக் கீழே கொடுத்து உள்ளே இறக்கினார்.

மண் தள்ளி முடியும் நேரத்தில் வேலியோரமாகப் பௌஸி வந்து நின்றார். இடம் சொல்லி அனுப்பியது ருக்கியா. பௌஸி வந்த விஷயம் பெரிய மன்னிப்பொன்றும் இல்லை. கொட்டாஞ்சேனை ஒஸ்தா குண்டுக்குப் பயந்து காலிக்கு ஓடியவர், ஒரு வருஷமாகியும் திரும்பவில்லை. ஹாஜியார் வீட்டில் இரண்டாவது பேரன் பிறந்திருந்தான்.

"ஒஸ்தா, நாளைக்கு நாப்பது. மாமா உங்களத்தான் வரச் செல்லிச் சென்ன. மாமியும்தான்."

ஸாலிஹ் இரண்டு கையையும் அவருக்கு முன்னால் நீட்டிக் காட்டினார். நாய் முடியும் ஈரமும் மண்ணும் ஒட்டிக் கிடந்தன.

"பாத்துக்கங்க பௌஸி. இதே கைதான்."

வெள்ளையம்மா தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பௌஸி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்து வாளியை வாங்கினார்.

ஸாலிஹ் குந்தி உட்கார்ந்து, மூடிய குழியின்மேல் குவிந்திருந்த மண்ணிலேயே ஒரு பிடி எடுத்தார். முழங்கைக்கு மேலே வரைக்கும் தேய்த்தார். பௌஸி தண்ணீர் ஊற்றினார்.

"ஒண்டு" என்று எண்ணியதும் பௌஸிதான். ஏழு வரைக்கும் அவரே எண்ணினார். ஏழாவது தண்ணீர் வடிந்து முடியும்வரை ஸாலிஹ் கையை நீட்டியபடி இருந்தார். பிறகு சுத்தமான அந்தக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.